சோப்புக்கட்டி எழுத்தும் மொரிமோட்டோவும்

மார்ச் 3, செவ்வாய்

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் முன்னாடியே சொன்னேன். அக்கா சாட்சி. கேட்டால் இல்லை என்பாள். இருந்தாலும் சாட்சி.

அக்கா மகள் மேகலை பம்பாயில் எழுத்து வரைகிற படிப்புப் படித்தாள். எழுத்தை எழுதுவதற்கு ஒண்ணாங்கிளாஸ் போதும், வரைவதற்குப் பம்பாய் போகவேண்டும். படித்துவிட்டு அங்கேயே ஒரு கம்பெனியில் வேலையும் பார்த்தாள். "ஒருநாள் பெட்டியோட வந்து இறங்குவா, இறங்கி நேரா என் கடைக்குத்தான் வருவா" என்று போன தீபாவளிக்கே சொன்னேன். இன்றைக்கு வந்துவிட்டாள். நடுவில் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தாள். அதையெல்லாம் கணக்கில் எடுக்கக் கூடாது.

இந்த டைரி ஸ்டிக்கர் ரோல் சப்ளை பண்ணுகிற கம்பெனி கொடுத்தது. ஜனவரி, பிப்ரவரி காலியாகக் கிடக்கிறது. பெரிய மனிதர்களின் வரலாறு மார்ச்சில்தான் சூடு பிடிக்கும். இதை யாராவது பின்னால் எடுத்துப் படிப்பார்கள் என்பதால் என்னைப் பற்றி ஒரு வரி: பெயர் குழந்தைவேல். கரூரில் பஸ் பாடி கட்டுகிற பட்டறைகள் இருக்கிற ரோட்டில் 'வேல் ஸ்டிக்கர்ஸ்' என்னுடையது. தமிழ்நாட்டில் ஓடுகிற பஸ்களில் பாதி என் கையால் பேர் வாங்கிக்கொண்டு போனவை. படிப்பு எட்டாவது. ஒன்பதாவதில் கணக்கு வாத்தியாருக்கும் எனக்கும் கொள்கை வேறுபாடு.

மேகலை லேப்டாப்பைத் திறந்து அவள் வரைந்த தமிழ் எழுத்தைக் காட்டினாள்.

"எப்படி இருக்குதுங்க மாமா?"

"நாலு நாள் தேய்ச்ச சோப்புக்கட்டி மாதிரி இருக்குது கண்ணு."

கோபித்துக்கொள்வாள் என்று பார்த்தேன். மேஜையைத் தட்டிச் சிரிக்கிறாள். "அதேதான் மாமா. சதுரம், ஆனா மூலை மட்டும் கரைஞ்சிருக்கும். பக்கமெல்லாம் நேரா நிக்கும், கோடு எல்லா இடத்துலயும் ஒரே தடிமன், வால் கொம்பு ஒண்ணும் கிடையாது. இங்கிலீஷ்ல இந்த மாதிரி எழுத்து உங்களைச் சுத்தி எத்தனை இருக்குது பாருங்க. வாஷிங் மெஷின்ல, கார் மீட்டர்ல, கிரிக்கெட் பனியன் நம்பர்ல, ராக்கெட் வர்ற சினிமா டைட்டில்ல. பார்த்ததும் வேகம்னு தோணும், மெஷின்னு தோணும். ஆனா குத்தாது."

தமிழில் அவள் மனசுக்குப் பிடித்த மாதிரி ஒன்று கிடைக்கவில்லையாம், அதனால் அவளே உட்கார்ந்துவிட்டாளாம். ப, ட இரண்டும் பிறவியிலேயே சதுரம், சொன்ன பேச்சுக் கேட்டுவிட்டன. இ மட்டும் சண்டைக்காரி, மடிந்து உட்கார மாட்டேன் என்று ஒரு மழைக்காலம் பூரா அழவைத்ததாம்.

சாயங்காலம் அக்கா தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். பெங்களூரில் ஒரு போன் கம்பெனி மேகலையைக் கூப்பிட்டிருக்கிறது. வருடப்பிறப்புக்குள் பதில் சொல்லவேண்டும். அதற்குள் இந்த எழுத்து நிஜமாக எங்கேயாவது ஓடினால் இங்கேயே இருந்து முடிப்பாளாம். இல்லையென்றால் மூட்டை கட்டிவைத்துவிட்டுப் போய்விடுவாளாம்.

போனால் போகட்டும். எனக்கென்ன.

மார்ச் 5, வியாழன்

இன்றைக்கு நடந்ததைச் செப்பேட்டில் வெட்டவேண்டும். டைரிதான் இருக்கிறது.

அஞ்சூரான் பஸ் சர்வீஸ் முதலாளி அர்த்தநாரி ஐயா வந்தார். ஒன்பது புது பஸ் பட்டறையில் நிற்கிறது. சித்திரை ஒண்ணாம் தேதி ரோட்டுக்கு இறங்குகிறது. ஒன்பதுக்கும் ஊர் போர்டு, பக்கவாட்டில் பேர், பின்னால் நம்பர், எல்லாம் நான்தான். நான் சும்மா இருப்பேனா. மேகலையின் லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினேன்.

பார்த்தார். மூக்கைச் சொறிந்தார். "ஏனுங்க குழந்தைவேலு, இது ஃபிரிட்ஜ் மேல போடற எழுத்தாட்டம் இருக்குது. பஸ்ஸுக்கு எதுக்குங்?"

மேகலை முகம் சுருங்கியதைப் பார்த்தேன். அந்த நொடியில் மொரிமோட்டோ ஞாபகத்துக்கு வந்தார்.

"ஐயா, நான் எக்ஸ்போர்ட் கம்பெனில பேக்கிங் செக்ஷன்ல இருந்தப்ப மொரிமோட்டோன்னு ஒரு ஜப்பான்காரர் மேஜைத்துணி வாங்க வந்தாரு. அங்க ரயிலுக்கெல்லாம் எழுத்து பார்த்துச் சொல்ற ஆளு. நான் பெட்டி மேல எழுதியிருந்ததைப் பார்த்துட்டு அப்படியே நின்னுட்டாரு. 'குழந்தைவேல் சான், எழுத்தைப் பார்க்காதே, எழுத்துக்குள்ள இருக்கிற ஓட்டையைப் பாரு. எந்த ஓட்டையை ஊசியால சுலபமா கிள்ளி எடுக்க முடியுதோ, அந்த எழுத்துதான் தூரத்துல தெரியும்'னாரு."

"எந்த பாசைல சொன்னாரு?"

"அவர் ஜப்பான்லதான் சொன்னாரு. நான் தமிழ்ல புரிஞ்சுக்கிட்டேன்."

அர்த்தநாரி ஐயா ஜப்பான் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். அவர் வீட்டுத் தையல் மெஷினிலிருந்து வயக்காட்டு மோட்டார் வரைக்கும் அந்த ஊர்ப் பொருள் என்றால் ஒரு மரியாதை. "சரி, ஒரு போர்டு பண்ணிக் காட்டுங். கை காட்டற தூரத்துல பாஸ் ஆச்சுன்னா ஒன்பதுலயும் ஓட்டிக்கலாம்" என்றார்.

கை காட்டுகிற தூரம் என்றால் இது. நம் ரோட்டில் பாதிப் பேர் ஸ்டாப்பில் நின்று கை காட்டித்தான் பஸ் ஏறுகிறார்கள். போர்டு தூரத்திலேயே தெரிந்தால் முன்னாடியே கை எழும், டிரைவர் பதமாக நிறுத்துவார். கிட்டே வந்த பிறகு எழுந்தால் பிரேக்கை மிதித்து வண்டி குலுங்கும், இல்லாவிட்டால் ஆளை விட்டுவிட்டுப் போய்விடும். அதனால் அர்த்தநாரி ஐயா எந்தப் புது போர்டையும் ஊஞ்சக்காட்டுப் பிரிவில் நின்று பார்ப்பார். பஸ் ஓடைப்பாலத்தைத் தாண்டுவதற்குள் ஸ்டாப்பில் கை எழுந்தால் போர்டு பாஸ். எழாவிட்டால் பிடுங்கி எறி. அவர் அப்பா காலத்துப் பழக்கம்.

அவர் போனதும் மேகலை கேட்டாள். "மாமா, மேஜைத்துணி வாங்க வந்தவருக்கு ஸ்டிக்கர் கிள்ற ஊசி எப்படித் தெரிஞ்சுது?"

"ஜப்பான்காரனுக்குத் தெரியாதது என்ன இருக்குது கண்ணு" என்று சொல்லி டீ வாங்கப் போய்விட்டேன்.

மார்ச் 6, வெள்ளி

கடைக்குச் சுழல் நாற்காலி ஒன்று வாங்கினேன். வருகிற கஸ்டமருக்காக.

மார்ச் 7, சனி

கஸ்டமர் ஒருத்தர் நாற்காலியில் உட்காரப் போனார். ரிப்பேர் என்று சொல்லி ஸ்டூலைக் கொடுத்தேன். மேகலை வந்து உட்கார்ந்து மூன்று சுற்றுச் சுற்றினாள். ரிப்பேர் சரியாகிவிட்டது.

மார்ச் 9, திங்கள்

மொரிமோட்டோவின் ஊசி முறையைச் சோதனை போட்டோம்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மெஷின் ஸ்டிக்கரில் எழுத்தின் ஓரத்தை மட்டும்தான் வெட்டும். சுற்றி இருக்கிற வேண்டாத பகுதியைக் கையால் உரிக்கவேண்டும். எழுத்துக்குள்ளே மாட்டிக்கொண்ட துணுக்கை ஊசியால் குத்திக் கிள்ளி எடுக்கவேண்டும். நான் இந்த வேலையில் உலகத்தில் இரண்டாவது ஆள். முதல் ஆள் யார் என்று இன்னும் தெரியவில்லை. என் சட்டையில், புருவத்தில், சாப்பாட்டுத் தட்டில்கூட ஏதாவது ஓர் எழுத்தின் வயிறு ஒட்டிக்கொண்டிருக்கும்.

மேகலையின் எழுத்தை வெட்டி நான் கிள்ளக் கிள்ள, அவள் துணுக்குகளை வாங்கித் தன் முழங்கையில் வரிசையாக ஒட்டிக்கொண்டாள். வெ, கோ எல்லாம் வெண்ணெய் மாதிரி வந்தன. இ-யின் வயிற்றில் இருந்தது ஊசி முனையில் பிய்ந்தது. ண-வின் சுழியில் இருந்ததைக் காணவே காணோம், என் மூச்சுக்காற்றில் பறந்திருக்கும்.

"மாமா, இதுங்க ரெண்டும் தூரத்துல அடைச்சுக்குமா?"

"அடைச்சுக்கும். கறுப்புப் பொட்டாட்டம் தெரியும். மொரிமோட்டோ சொல்லுவாரு, பெரிய ஓட்டை இருந்தா மட்டும் பத்தாது, எல்லா ஓட்டையும் சொந்தக்காரங்க மாதிரி இருக்கோணும்னு. ஒண்ணு மட்டும் நோஞ்சானா இருந்தா கண்ணு அதுலயே போய் முட்டும்."

அவள் முழங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் லேப்டாப்பில் விழுந்தாள். கடை சாத்துகிற நேரத்துக்கு இ-க்கும் ண-வுக்கும் வயிறு திறந்திருந்தது. சதுரம் போகவில்லை, மூலை போகவில்லை, உள்ளே காற்று மட்டும் வந்திருக்கிறது. வெட்டிக் கிள்ளினேன். துணுக்கு ஊசியிலேயே உட்கார்ந்து வந்தது.

"மொரிமோட்டோ பெரிய ஆளுதாங்க மாமா" என்றாள்.

எனக்கு ஒருமாதிரி இருந்தது. வெயில் அதிகம் என்று நினைக்கிறேன்.

மார்ச் 13, வெள்ளி

மேகலை கல்யாணம் ஒன்றுக்குக் கோயமுத்தூர் போய்விட்டாள். 'வெள்ளகோவில்' போர்டை நானே முடித்தேன். சோப்புக்கட்டி எழுத்து அகலமானது, நம் ஊர்ப் பேர் நீளமானது, போர்டோ குட்டை. வேறு யாராக இருந்தாலும் திணறியிருப்பார்கள். நான் அழகாகப் பொருத்திவிட்டேன். எப்படிப் பொருத்தினேன் என்பது தொழில் ரகசியம்.

மார்ச் 14, சனி

பட்டறையில் போர்டை மாட்டினோம். ஊஞ்சக்காட்டுப் பிரிவு வரை போகவேண்டியதே இல்லை என்று ஆகிவிட்டது.

அர்த்தநாரி ஐயா பஸ்ஸுக்கு முன்னால் நின்று பார்த்தார். பக்கவாட்டில் போய்ப் பார்த்தார். "ஏனுங்க, என்ற பஸ்ஸுக்குப் பேதி கண்டுருச்சா? எழுத்தெல்லாம் வத்திப் போயி நிக்குது."

கோயமுத்தூரிலிருந்து நேராகப் பட்டறைக்கு வந்த மேகலை பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. போர்டுக்குக் கிட்டே போய் ஒரு மூலையை விரலால் தடவினாள்.

"மாமா. பக்கத்துல பிடிச்சு அமுக்கினீங்களா?"

"வெயில்ல ஸ்டிக்கர் சுருங்கியிருக்கும்."

"ஒரு பக்கமா மட்டும் எப்படிச் சுருங்கும்?"

"கிழக்கு மேற்கா வெயில் அடிச்சா சுருங்கும்."

அவள் அந்த மூலையை இன்னொரு தடவை தடவிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள். அதுதான் கஷ்டமாக இருந்தது. இந்த உலகத்தில் இடம் பத்தாமல் கம்ப்யூட்டரில் எழுத்தைப் பக்கவாட்டில் பிடித்துத் தள்ளாத ஸ்டிக்கர் கடை ஒன்று இருந்தால் காட்டுங்கள், நான் மீசையை எடுத்துவிடுகிறேன். சாதாரண எழுத்தை அமுக்கினால் யாருக்கும் தெரியாது, வட்டம் கொஞ்சம் முட்டையாகும், அவ்வளவுதான். இந்தச் சோப்புக்கட்டி எழுத்துக்கு உயிரே மூலையில்தான் இருக்கிறது போல. நிற்கிற கோடு ஈர்க்குச்சியாகிவிட்டது, படுத்த கோடு அப்படியே தடியாக இருக்கிறது, மூலை நசுங்கிய தகரம் மாதிரி ஆகிவிட்டது. இதெல்லாம் பொதுவாகச் சொல்கிறேன். இந்தப் போர்டைப் பொறுத்தவரை வெயில்தான்.

"வேண்டாமுங். பழைய எழுத்தே போட்டுருங்" என்று அர்த்தநாரி ஐயா கிளம்பினார். மேகலை பையை மாட்டிக்கொண்டு அவருக்கு வழி விட்டு நின்றாள். அவள் நின்ற விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

"ஐயா, மொரிமோட்டோவே நேர்ல வந்து பார்த்துச் சொல்லுவாருங்க" என்றேன். என் வாய்தான் சொன்னது.

அவர் திரும்பினார். "நெசமாலுமா? எப்ப?"

"சித்திரை ஒண்ணுங்க."

"அப்பச் சரி. அன்னிக்குத்தான் வண்டி இறங்குது. மொதல்ல பிரிவுல பாஸ் பண்ணிக் காட்டுங். அப்புறம் அந்த மனுசனைக் கூட்டியாங், மாலை போட்டுருவோம்."

மார்ச் 16, திங்கள்

மேகலை இன்றைக்கு ஸ்டூலில் உட்கார்ந்து லேப்டாப்பை மூடியே வைத்திருந்தாள். நாற்காலியும் சுற்றவில்லை.

மார்ச் 18, புதன்

காலையில் கடை திறக்கும் முன்னால் வந்து நின்றாள். "மாமா, பெங்களூருக்கு வர்றேன்னு லெட்டர் அடிச்சு வச்சுட்டேன். அனுப்பலை. இன்னொரு தடவை பார்க்கறேன்."

"நான் அன்னிக்கே சொன்னேன்."

"என்ன சொன்னீங்க?"

யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன்.

எழுத்தை ஒல்லியாக வரையப் போகிறாளாம். அமுக்குவது வேறு, ஒல்லியாக வரைவது வேறு என்று எனக்குப் பாடம் எடுத்தாள். பக்கத்துச் சுவர் இரண்டும் கிட்டே வரும், ஆனால் கோட்டுத் தடிமன் மாறாது, மூலை வளைவு மாறாது. "புரியுதுங்களா?" என்றாள்.

"வேட்டியை மடிச்சுக் கட்டினா மனுசன் குள்ளமாயிடறதில்ல. கால் அதே கால்தான்."

"இது யாரு, மொரிமோட்டோ சொன்னதா?"

"ஜப்பான்ல ஏது கண்ணு வேட்டி. இது நான் சொன்னது."

ரொம்ப நேரம் என்னையே பார்த்தாள். பார்த்துவிட்டு நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றினாள்.

மார்ச் 27, வெள்ளி

மொரிமோட்டோவுக்குக் காலில் சுளுக்கு என்று சொல்லலாமா என்று யோசித்தேன். விமானத்துக்குச் சுளுக்கு ஒரு தடை இல்லை.

எக்ஸ்போர்ட் கம்பெனி மேனேஜரைப் போய்ப் பார்த்தேன். ஜப்பான்காரர் யாராவது இந்தப் பக்கம் வருகிறார்களா, சும்மா ஒரு பஸ்ஸைப் பார்த்துத் தலையாட்டினால் போதும் என்றேன். வருஷத்துக்கு ஒருமுறை ஜெர்மன்காரர் ஒருத்தர்தான் வருவார், அவரும் ஆவணியில்தான் என்றார்.

வீட்டில் அக்காவிடம் பேச்சோடு பேச்சாகச் சொன்னேன். "எந்த மொரிமோட்டோடா? நீ எக்ஸ்போர்ட்டுல இருந்ததே மூணு மாசம். அதுல ரெண்டு மாசம் அம்மை போட்டுப் படுத்திருந்த" என்கிறாள்.

அக்காவுக்கு இப்போதெல்லாம் ஞாபகசக்தி குறைந்துவிட்டது. டாக்டரிடம் காட்டவேண்டும்.

ஏப்ரல் 2, வியாழன்

ஒல்லி எழுத்து தயார். வெட்டினோம், கிள்ளினோம். துணுக்கு எல்லாம் முழங்கையில் வரிசையாக உட்கார்ந்தன, பெரியம்மா பிள்ளைகள் சித்தப்பா பிள்ளைகள் போட்டோவுக்கு நிற்கிற மாதிரி. 'வெள்ளகோவில்' போர்டுக்குள் தானாக நடந்து வந்து உட்கார்ந்தது. நான் கம்ப்யூட்டர் பக்கமே போகவில்லை. மேகலை போகவிடவில்லை.

ஏப்ரல் 9, வியாழன்

இன்றைக்கு ஊஞ்சக்காட்டுப் பிரிவு.

எதையும் அதிர்ஷ்டத்துக்கு விடுகிற ஆள் நான் இல்லை. நேற்றே ஏற்பாடு பண்ணிவிட்டேன். அக்காவைச் சோதனை நேரத்துக்கு ஸ்டாப்பில் கொண்டுபோய் நிற்கவைத்தேன். அவளுக்குச் சொன்னது இவ்வளவுதான்: மஞ்சள் பஸ் வரும், பட்டப்பகலிலும் ஹெட்லைட் எரிந்துகொண்டு வரும், பார்த்ததும் கையைத் தூக்கு. டிரைவரிடமும் ஹெட்லைட்டைப் போடச் சொல்லிவைத்தேன். இதை ஏமாற்று வேலை என்று யாரும் நினைக்கக் கூடாது. பரீட்சைக்குப் போகிற பிள்ளைக்குத் திருநீறு பூசிவிடுவதில்லையா, அந்த மாதிரி.

அர்த்தநாரி ஐயாவும் நானும் ஸ்டாப்புக்கு எதிர்ப்பக்கம் வேப்பமரத்தடியில் நின்றோம். மேகலை புது பஸ்ஸில் வருகிறாள். ஸ்டாப்பில் அக்கா, ஆட்டுக்குட்டியோடு ஒரு பெரியவர், காலேஜ் போகிற பெண் ஒருத்தி.

ஒரு மஞ்சள் பஸ் வந்தது. ஹெட்லைட் எரிந்தது. அது புதுசு இல்லை, அர்த்தநாரி ஐயாவின் பழைய பஸ், அந்த டிரைவர் காலையில் போட்ட லைட்டை அணைக்க மறந்திருக்கிறான். அக்கா இதற்குக் கையைத் தூக்கினால் என் கதை கந்தல். அக்கா பஸ்ஸைப் பார்த்தாள். கையைத் தூக்கவில்லை. முந்தானையைச் சரிபண்ணிக்கொண்டு நின்றாள். பஸ் போய்விட்டது. பழனி முருகனுக்கு ஒரு மொட்டை சொல்லிக்கொண்டேன்.

அடுத்து வளைவில் புது பஸ் திரும்பியது. ஹெட்லைட் எரியவில்லை. மடப்பயல் மறந்துவிட்டான். அக்காவுக்கு நான் சொல்லிவைத்த ஒரே அடையாளமும் போச்சு. முருகனுக்குச் சொன்ன மொட்டையை வாபஸ் வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஸ்டாப்பில் கை எழுந்தது. அக்காவின் கை. பஸ் இன்னும் ஓடைப்பாலத்துக்கு அந்தப் பக்கம். அக்காவுக்குப் பின்னாலேயே காலேஜ் பெண்ணின் கை. ஆட்டுக்குட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பெரியவரும் ஒரு கை. பஸ் பாலத்தைத் தாண்டி, மெதுவாக, மாப்பிள்ளை மாதிரி வந்து நின்றது.

நான் குதித்ததாக அர்த்தநாரி ஐயா சொல்கிறார். எனக்கு ஞாபகம் இல்லை.

அவர் ரோட்டைத் தாண்டிப் போனார். "ஏனுங்கம்மா, நீங்க குழந்தைவேலு அக்காதானுங்?"

"ஆமாங்க. வாங்க."

"மொதல்ல ஒரு வண்டி வந்துச்சே, அதுக்கு ஏன் கை காட்டல?"

"கண்ணாடியை வீட்டுலயே வச்சுட்டு வந்துட்டனுங்க. அதுல என்ன போட்டிருக்குதுன்னே தெரியலை. தெரியாத வண்டிக்கு எதுக்குக் கை காட்டோணும்? இது வெள்ளகோவில்னு பளிச்சுன்னு தெரிஞ்சுது, தூக்கினேன். இவன் என்னமோ லைட் எரியும், லைட் எரியும்னான். லைட்டும் எரியலை, ஒண்ணும் எரியலை."

அர்த்தநாரி ஐயா என்னைத் திரும்பிப் பார்த்தார். ஆட்டுக்குட்டிகூடப் பார்த்தது.

"லைட்டுங்களா குழந்தைவேலு?"

"அதொரு பழைய ஜப்பான் முறைங்க" என்றேன்.

இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போர்டு பாஸுங். ஒன்பதுக்கும் இதே எழுத்துதான். அந்த மனுசன் மட்டும் சித்திரை ஒண்ணுக்கு வந்துரோணும், சொல்லிட்டேன். சொந்தபந்தத்துக்கெல்லாம் ஜப்பான்காரர் வர்றாருன்னு போன் பண்ணியாச்சு" என்றார்.

பஸ்ஸிலிருந்து இறங்கிய மேகலை அக்காவைக் கட்டிக்கொண்டு சுற்றினாள். சுழல் நாற்காலி இல்லாத குறை தெரியவில்லை.

ஏப்ரல் 10, வெள்ளி

ஒன்பது பஸ்ஸுக்கும் வெட்டி, கிள்ளி, ஒட்டுகிறோம். சாப்பாட்டில் ஒரு ண-வின் வயிற்றை முழுங்கிவிட்டேன். ஒன்றும் ஆகவில்லை.

மேகலை பெங்களூருக்கு இன்னும் பதில் போடவில்லை. ஜப்பான்காரர் வராமல் முதலாளி மனசு மாறிவிட்டால் என்ன செய்வது என்று காத்திருக்கிறாள் என்று நினைக்கிறேன். நான் கேட்கவில்லை. மொரிமோட்டோவுக்கு வரவேண்டிய வியாதிகளை வரிசைப்படுத்திக்கொண்டிருக்கிறேன்.

ஏப்ரல் 14, செவ்வாய். சித்திரை ஒண்ணு

பட்டறை வாசலில் ஒன்பது மஞ்சள் பஸ். வாழைமரம், மாவிலை, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். ஒன்பது நெற்றியிலும் சோப்புக்கட்டி எழுத்து. வெயில் அடிக்க அடிக்க, இப்போதுதான் குளித்துவிட்டு வந்து நிற்கிற மாதிரி இருந்தது. பக்கவாட்டில் 'அஞ்சூரான்' என்று பெரிதாக. பஸ் நிற்கிறது, எழுத்து ஓடுகிறது. இதை வேறு யாராவது எழுதியிருந்தால் மிகை என்பார்கள். நானே பார்த்தேன்.

அர்த்தநாரி ஐயா கையில் ரோஜா மாலை. சொந்தக்காரர்கள் ஒரு கூட்டம். "எங்கீங்க நம்ம ஜப்பான்காரரு?"

நான் தயாராக வந்திருந்தேன். சுளுக்கு, புயல், பாஸ்போர்ட், மாமியார் சாவு. நான்கில் எதை எடுப்பது என்று வாயைத் திறப்பதற்குள் மேகலை முந்திக்கொண்டாள்.

"அவர் காலைலயே வந்து பார்த்துட்டுப் போயிட்டாருங்க ஐயா."

எனக்கே ஒரு கணம் வாசல் பக்கம் பார்வை போனது.

"அட, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா காபியாவது குடுத்திருக்கலாமே. என்ன சொன்னாரு?"

"ஒன்பது வண்டியையும் சுத்திச் சுத்திப் பார்த்தாருங்க. எல்லா ஓட்டையும் சொந்தக்காரங்களாட்டம் இருக்குதுன்னாரு."

"பேஷ். மாலையை என்னங்க பண்றது?"

"மாமாவுக்குப் போட்டுருங்க. அவர் வேற, மாமா வேறன்னு நான் நினைக்கறதில்லைங்க."

போட்டுவிட்டார். ரோஜா முள் கழுத்தில் குத்தியது. அதனால்தான் கண்ணில் தண்ணீர்.

அப்புறம் முதல் பஸ்ஸின் பின்பக்கத்துக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். நம்பருக்குக் கீழே, குனிந்தால்தான் தெரிகிற மாதிரி ஒரு சின்ன வரி. நான் வெட்டியது இல்லை, நான் கிள்ளியது இல்லை. எனக்குத் தெரியாமல் அவளே வெட்டி, அவளே ஊசி பிடித்திருக்கிறாள். ஒரு ழ கொஞ்சம் பிய்ந்திருந்தது.

'எழுத்து: மேகலை. ஊசி: குழந்தைவேல்.'

கூடவே வந்த அர்த்தநாரி ஐயா குனிந்து படித்தார். "ஜப்பான்காரர் பேரைக் காணோமே?"

"பேர் வேண்டாம்னு சொல்லிட்டாருங்க ஐயா. ரொம்ப அடக்கமான மனுசன்" என்றாள் மேகலை. "மாமாவுக்கு நேர் எதிர்."

தேங்காய் உடைத்தார்கள். ஒன்பது பஸ்ஸும் ஒன்றன்பின் ஒன்றாக ஹாரன் அடித்துக்கொண்டு ரோட்டுக்கு இறங்கின. அந்தச் சத்தத்தில் மேகலை என் காதில் கத்தினாள். "பெங்களூருக்கு வரலைன்னு சொல்லிட்டேன் மாமா."

"நான் அன்னிக்கே சொன்னேன்."

"என்ன சொன்னீங்க?"

இந்தத் தடவையும் யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன்.

ஏப்ரல் 15, புதன்

காலையில் திருப்பூர் பஸ்காரர் ஒருத்தர் வந்தார். வெள்ளகோவில் ரோட்டில் பார்த்தாராம், அதே எழுத்து வேண்டுமாம். கஸ்டமர் நாற்காலியில் மேகலை உட்கார்ந்திருப்பதால் அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். இனிமேல் கஸ்டமர் எல்லாருக்கும் ஸ்டூல்தான்.

அவர் போனதும் மேகலை நாற்காலியைச் சுற்றிக்கொண்டே கேட்டாள். "மாமா, தடி எழுத்து ஒண்ணு வரையலாம்னு இருக்கேன். மொரிமோட்டோ அதுக்கு ஏதாவது சொல்லியிருக்காரா?" முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு கேட்கிறாள். இந்தப் பிள்ளை என்னிடம்தான் கற்றுக்கொண்டிருக்கிறது.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றேன். யோசித்தேன். கோடு தடித்தால் உள்ளே ஓட்டை சுருங்கும், அதனால் மூலையை வெளியே வளைத்த அளவுக்கு உள்ளே வளைக்கக் கூடாது, உள்மூலை கொஞ்சம் சதுரமாகவே இருக்கட்டும், துணுக்கு பிய்யாது. சொன்னேன். எழுதிக்கொண்டாள்.

பின்னால் இதை எடுத்துப் படிக்கப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம். இந்த டைரியில் இருப்பதெல்லாம் நடந்தது. கை எழுந்தது நிஜம், ஆட்டுக்குட்டி நிஜம், மாலை நிஜம். ஸ்டிக்கர் வெயிலில் சுருங்கியது கிட்டத்தட்ட நிஜம். மொரிமோட்டோ மட்டும் இல்லை. அப்படி ஒருத்தர் கரூருக்கு வரவே இல்லை. கட்டிங் மெஷினுக்கு அடியில் ஒரு தகடு இருக்கிறது, அதில் இருந்த பேர் அது. எட்டாவது படித்த ஸ்டிக்கர்காரன் ஓட்டையைப் பார் என்று சொன்னால் அர்த்தநாரி ஐயா எழுந்து போயிருப்பார். ஆயுசுக்கும் பெருமை பேசிப் பேசி, உருப்படியாக ஒன்று தோன்றியபோது அதைத் தூக்கி ஜப்பான்காரன் வாயில் வைத்துவிட்டேன். அந்த ஊசி விஷயம் நான் சொன்னது.